காரில் காயும் நீர்க்கறை

லண்டனில் எங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புதான், கழுவித் துடைக்காமல் வெயிலில் விட்ட காரிலும் வட்டம் வட்டமாகக் காய்ந்து நிற்கிறது. புதிய கறையென்றால் வினாகிரியில் அதேயளவு காய்ச்சி வடித்த நீர் கலந்து, நனைத்த துணியை ஓரிரு நிமிடம் போட்டுவைத்துக் கழுவினால் போய்விடும். கார் நிழலில் நின்று சூடு ஆறியிருக்கவேண்டும்.

அதன்பிறகும் வட்டம் தெரிந்தால் பூச்சே அரிபட்டுவிட்டது. இனி வினாகிரி உதவாது. பொலிஷ் போட்டு, பள்ளத்தைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துத்தான் மட்டமாக்கவேண்டும். மேலேயுள்ள தெளிபூச்சோ பெரும்பாலும் 40–50 மைக்ரோன், ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. முதற்கார் வாங்கிய வருடம் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டால் பொனற்றைத் தேய்த்தோம். கறை போகவில்லை, கீறல்தான் மிச்சம். ஆழமான பள்ளம் ஓரளவு மங்கியதும் நிறுத்திவிடுங்கள். தெளிபூச்சு தேய்ந்துபோனால் மறுபடி பெயின்ற் அடிக்கத்தான் வேண்டும்.