ஹாம்பர்க் 1892: துறைமுகத்தின் கணக்கு

கொள்ளைநோய்க் காலத்தில் உயிரா, பிழைப்பா என்று கேட்பவர்கள் ஹாம்பர்க் நகரின் வரலாற்றை ஒருமுறை வாசிக்கலாம். எல்பே நதிக்கரையிலுள்ள அத்துறைமுக நகரை ஆண்டது வணிகர்கள் செல்வாக்குப் பெற்ற செனட். வாக்குரிமையும் வசதி படைத்தோருக்கே.

1892 ஆகஸ்டில் அங்கே காலரா தலைகாட்டியது. அறிவித்தால் அயல் துறைமுகங்கள் கதவடைக்கும், வணிகம் முடங்கும் என்று தயங்கினார்கள். அச்சம் நியாயமானதுதான், கப்பல் நின்றால் முதலில் பட்டினி கிடப்பவன் சுமைகூலி. 24-ஆம் தேதி பெர்லினிலிருந்து ராபர்ட் காக் வந்து சேர்ந்த பிறகே நோய் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

அதற்குள் 'மொராவியா' என்ற கப்பல், நோயற்ற துறைமுகத்திலிருந்து வருவதாகச் சான்று பெற்று, குடியேறிகளுடன் நியூயார்க் கிளம்பியிருந்தது. கடலிலேயே 22 பேர் இறந்தனர், பெரும்பாலும் குழந்தைகள். செப்டம்பர் 1-இல் அமெரிக்கா, குடியேறிகளைக் கொண்டுவரும் கப்பல்களுக்கு 20 நாள் தனிமைக்காவல் விதித்தது. எந்த நட்டத்துக்கு அஞ்சி வாய் மூடினார்களோ அது வந்தே சேர்ந்தது. கூடவே ஏறத்தாழ 8,600 மரணங்களும். ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்புகளில்தான் சாவு அதிகம். தராசைப் பிடித்த கைகள் அத்தெருக்களில் வசிக்கவில்லை.

இதற்கும் பழைய கணக்கு ஒன்றுண்டு. ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த நீரையே எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே நோய் மிகக் குறைவு. ஹாம்பர்க்கோ செலவைக் குறித்துப் பல ஆண்டுகள் வாதிட்டுக்கொண்டிருந்தது. அதன் வடிகட்டு நிலையம் 1893-இல்தான் இயங்கத் தொடங்கியது.