ஆக்கக்குவான் நீர்ப்பிடிப்பும் நிலப்பயன்பாட்டு வரம்பும்

வட வர்ஜீனியாவின் குடிநீர் ஆதாரமான ஆக்கக்குவான் நீர்த்தேக்கத்தில் 1960களில் கழிவுநீர்ச் சத்துகளால் பாசி மண்டியது. 1978இல் இயங்கத் தொடங்கிய உயர்நிலைச் சுத்திகரிப்பு நிலையம், பதினொரு சிறு நிலையங்களுக்கு மாற்றாயிற்று. ஆயினும், கூரைகளிலும் சாலைகளிலும் வழிந்தோடும் மழைநீர் அந்நிலையத்தின் வழியே செல்வதில்லை.

எனவே, 1982இல் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மன்றம், ஏறத்தாழ 41,000 ஏக்கர் பரப்பில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என வரம்பு விதித்தது. நிலவுடைமையாளர் வழக்குத் தொடுத்தனர். 1985இல் நீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்தியது. உடைமையுரிமையினும் பொதுக் குடிநீரின் நலன் மேலோங்கியது.

எனினும், நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி அக்கவுண்டிக்கு அப்பால் உள்ளது. ஆட்சியெல்லைக்குட்பட்ட விதி நீர்த்தேக்கத்தின் ஒரு கரையையே காக்கவல்லது; எஞ்சியது அண்டைக் கவுண்டிகளின் இசைவைப் பொறுத்தது.