முட்டைக் குழம்பும் நம் இல்லங்களும்

கோழி நம் நாட்டிற்குப் புதியதன்று. சோழர் தம் பழைய தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பதே ஒரு பெயராக வழங்கிற்று. முருகப்பெருமான் கொடியிலே சேவல் நின்று கூவுவதை நம் வீட்டுச் சிறாரும் அறிவர். சங்கத்துச் சான்றோர் பாடல்களிலே மனையில் வாழும் கோழி பேசப்படுகின்றது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரிந்த செந்நிறக் காட்டுக்கோழி, சயாம் தேசத்து நெல்வயல்களை நாடி வந்து, ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதரோடு பழகிற்றென்று 2022-இல் ஆராய்ச்சியாளர் எழுதினர். நெல்லுள்ள இடத்தே கோழியும் வரும் என்பதை நம் பாட்டிமார் ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தனர்.

ஆயின், முட்டைக் குழம்பு என்று நாம் இக்காலத்தில் வழங்கும் செந்நிறக் குழம்பு அவ்வளவு பழமையுடையதன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-க்குப் பின்னர்ப் பறங்கியர் கப்பல் வழியே இந்நாடு புகுந்தது. மிளகைப் போலக் காரமுள்ள காய் என்று அதற்குப் பெயரிட்டதிலிருந்தே, முன்னர் நம் அடுப்பிலே காரத்திற்கு உரிய பொருள் மிளகே என்பது விளங்கும். தக்காளியும் அக்கண்டத்ததே, அது வந்ததோ மிளகாய்க்கும் பிந்தி. முன்னரே இங்கிருந்த சிறு மணித்தக்காளியின் பெயரை அதற்கு ஈந்தனர் நம்மவர். ஆகவே, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து வறட்டிய முட்டையே மூதாதையர் சுவைக்கு அணித்தாயிருக்குமென்று யாம் கருதுகின்றோம்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். கூடுவாஞ்சேரி, நந்திவரம், ஊரப்பாக்கம் ஆகியவை ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த கிராமங்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னரும், தாம்பரத்திற்குத் தெற்கே நெடுநாள் கிராம வாழ்க்கையே நடந்து வந்தது. அக்காலத்து வீட்டுக் கொல்லையில் பஞ்சாரத்துக் கோழிகள் இரண்டோ மூன்றோ இருக்கும். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டவுடன் அடையிற் படுத்துவிடும். இருபத்தொரு நாளிற் குஞ்சு பொரிக்கும். பின்னர்க் குஞ்சுகளை மேய்த்துத் திரியும். இவ்வாறு ஆண்டு முழுதும் கணக்கிட்டால் அறுபது எழுபது முட்டை தேறுவதே அரிது. அவற்றிலும் கூமுட்டையாய்ப் போவன சில. கீரிக்கும் பாம்புக்கும் இரையாவன சில.

முட்டை ஒன்றை உண்பது குஞ்சு ஒன்றை இழப்பதாகும் என்பதே அவ்வீட்டுப் பெண்மணியின் கணக்கு. அக்காசு அவளுடைய கைக்காசு. ஆடவர் அதிலே தலையிடார். மகளுக்குக் காது குத்தவும், திருவிழாவில் வளையல் வாங்கவும் அதுவே முதல். எனவே முட்டை அடுப்பேறியது மாப்பிள்ளை வந்த நாளிலும், நோயுற்றுத் தேறிய குழந்தைக்கும், பிள்ளை பெற்றவளுக்குமே. மற்றையோர்க்கு வேண்டுமாயின், கொதிக்கின்ற குழம்பிலே ஒன்றிரண்டை உடைத்து ஊற்றி, அது திரண்டு வந்தபின் அகப்பையால் துண்டித்து, எட்டுப்பேர்க்குப் பகிர்ந்தளித்தனர். ஊற்றிய முட்டைக் குழம்பு சிக்கனத்திற் பிறந்தது. சுவை பின்னரே கண்டது என்க.

இதனிடையே வேறொரு விஷயமும் நிகழ்ந்தது, அதனை மறைத்தற்கில்லை. ஊரார் மதிப்பை விரும்பிய சமூகத்தார் பலர், பிறரைப் பார்த்துப் புலாலை விடலாயினர். இவ்வழக்கத்தை எம். என். சீனிவாஸ் என்னும் அறிஞர் பின்னாளில் ஆராய்ந்து அதற்குச் சமஸ்கிருதமயமாதல் என்று பெயரிட்டார். புலாலை விட்டவர் பலரும் முட்டையை முழுவதும் விட்டாரில்லை. தனிச் சட்டி, தனிக் கரண்டி, தாழ்வாரத்திலே தனியடுப்பு! உள்ளே விலக்கியதை வெளியே சமைத்துண்டனர். 1951-இல் மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்னும் நூலைக் கையிற்கொண்டு சமைக்கக் கற்ற புதுமணப்பெண்ணுக்கு முட்டையைப்பற்றி அதில் ஒன்றும் கிடைத்திராது. அது சைவச் சமையல் நூல். அவள் அதனைத் தாழ்வாரத்து மாமியாரிடமே கற்றாள்.

மகாத்மா காந்தியடிகளோ 1942-இல் ஆகாகான் மாளிகையிற் சிறையிருந்த காலத்து ஆரோக்கியத்தைப்பற்றி எழுதிய நூலில், பாலை உண்பவர் கருக்கூடாத முட்டையை உண்பதற்குத் தடையில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். அவர்தாம் உண்டாரல்லர். எனினும் அவர் சொல்லிய கருக்கூடாத முட்டையே பின்னர்க் கடைதோறும் வந்தது.

வெள்ளை லெகார்ன் என்பது இத்தாலி தேசத்து லிவோர்னோ துறைமுகத்தின் பெயரால் வழங்கும் சாதிக்கோழி. அதன் வழிவந்த பண்ணைக் கோழி அடைகாப்பதை மறந்தது. ஆண்டொன்றுக்கு முந்நூறு வரையில் இடும். சேவலின்றி இடுவதாகலின் அம்முட்டை பொரிக்காது. நாமக்கல் பண்ணைகள் இவ்வகையிற் பெருகின. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்டது. நம் ஊர்க்கு அண்மையில் உள்ள காட்டுப்பாக்கத்திலும் அரசாங்கத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. இவற்றால் முட்டை பெண்டிரின் கைக்காசு என்னும் நிலை மாறிற்று. விலை குறைந்தது நன்மையே. கொல்லைக் கோழியோடு ஒரு சிறு சுதந்தரமும் போயிற்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

பள்ளிச் சிறார்க்கு உணவளிக்கும் தருமம் 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசராலும், 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரனாலும் விரிவுற்றது. அதில் முட்டை சேர்ந்தது 1989-இல், மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, இரு வாரத்துக்கு ஒன்று. 2010-இல் பள்ளி நாள் ஐந்திலும் ஒவ்வொன்றாயிற்று. ஜெ. ஜெயலலிதா ஆட்சியில் 2013 முதல் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என வகைவகையாகச் சமைக்கலாயினர். தாழ்வாரத்தில் ஒளித்துச் சமைத்த பண்டம் அரசாங்கத்துச் சத்துணவுக் கூடத்திலே பகிரங்கமாக வெந்தது! எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து அதனை உண்டனர். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்தனர். இதனை நினைவில் வைக்க.

சமைக்கும் முறையை இளம் இல்லாள்கள் பொருட்டுச் சுருக்கி உரைப்போம். அன்று இட்ட முட்டையை அவித்தால் தோல் உரியாது. நாட்பட நாட்பட ஓட்டின் நுண்துளை வழியே கரியமில வாயு வெளியேறுதலால் எளிதில் உரியும். பத்து நிமிஷத்துக்கு மேல் கொதிக்கவிடின் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சைக் கோடு படரும். அது நஞ்சன்று, கந்தகமும் இரும்பும் கூடியதன் நிறமே. உரித்த முட்டையை நான்கு பக்கமும் கீறுக. எண்ணெயிற் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, சின்ன வெங்காயம் சிவந்தபின் இஞ்சி பூண்டு விழுதும், தக்காளியும், மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூளும் இட்டு, பச்சை வாடை போமளவும் வதக்குக. புளிநீர் கொதித்தபின் தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றுக. எண்ணெய் மிதக்கும்போது முட்டையை இட்டு, கரண்டி போடாது, சட்டியைப் பிடித்து அசைத்தல் நலம். சாறு கீறலில் இறங்க அரை நாழிகையாவது பொறுத்தல் வேண்டும். பொறுமையில்லாதார் கலக்கி செய்துகொள்க.

இனி, நம் சங்கத்து ஆண்டுவிழாப் பந்தியில் முட்டையை அனுமதிக்கலாமோ என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். முன்னோர் விலக்கினரே என்பார்க்கு, அவர் விலக்கியது பந்தியிலேயன்றித் தாழ்வாரத்தில் அன்று என்பதே எம் விடை. அதனினும் பெரிதாக எமக்குத் தோன்றுவது வேறொன்று. ஆறு முட்டை அவித்த வீட்டில் ஆடவர்க்கும் ஆண்மக்களுக்கும் முழுமுட்டை, பெண்மக்களுக்குப் பாதி, தாய்க்குக் குழம்பு மாத்திரம் என்னும் வழக்கம் கொல்லைக் கோழிக் காலத்துப் பஞ்சத்தில் வந்தது. பஞ்சம் போய் நாற்பதாண்டாகியும் வழக்கம் சில இல்லங்களில் போகவில்லை. ஆதலின், விழாக் குழுவினர் முட்டையை அனுமதிப்பாராயின், மகளிர் பந்தியை முதலில் அமர்த்தித் தலைக்கொன்றாக இடுக; உண்ணாதார் இலையில் வாழைப்பழம் வைக்க. முட்டை எத்தனை வேண்டுமென்பதை வருவோர் முன்கூட்டியே காரியதரிசிக்குத் தெரிவித்தல் நலம்.