கருப்பைப் புற்றுநோய்: ஸ்கேன் எடுத்த பிறகும் நெறிக்கட்டி ஆபரேஷன் எதுக்கு?

காலில் முள் குத்தி சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டில் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். இதே மாதிரி நிணநீர் முடிச்சுகள் இடுப்புக்குள்ளும் இருக்கு. கருப்பைப் புற்றுநோய் பரவ ஆரம்பித்தால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவது அங்கேதான். அங்கே நோய் இருந்தால் அது 3சி நிலை, சிகிச்சையே மாறும். ரொம்பச் சின்னப் பரவல் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதனால்தான் முடிச்சை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

முன்பு வயிற்றை நீளமாகத் திறந்து, முடிச்சுகளை மொத்தமாக எடுத்தார்கள். இப்போது லேப்ராஸ்கோப்பியில் சில சிறு துளைகள் போதும். கருப்பை வாயில் ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் 'காவல் முடிச்சை' மட்டும் எடுக்கலாம். 2017-ல் வெளியான அமெரிக்காவின் 'ஃபயர்ஸ்' ஆய்வில், கருப்பை உட்சுவர் புற்றுநோய் முடிச்சுக்குப் பரவியிருந்ததை, சாயம் சரியாகப் போய்ச் சேர்ந்தவர்களில் இந்த முறை 97% கண்டுபிடித்தது. குறைவாக எடுத்தால் கால் வீங்கும் ஆபத்தும் குறைவு. நாள் முழுக்க நின்னு பருத்தி எடுக்கிறவங்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் கதை வேறு. கருப்பையையே துளை வழியாக அகற்றியவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று 2018-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், எந்தப் புற்றுநோய், எதை எல்லாம் துளை வழியாக எடுக்கப் போறீங்கன்னு டாக்டரிடம் கேட்டுடுங்க.