தலைப்பாகைக்குக் கீழே: வழுக்கையும் பொய்முடியும் நம் வரலாற்றில்

எம் அரபுக் கல்லூரியில் பட்டமளிப்புக்குக் காத்திருந்த மாணவர் ஒருவர், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் தனியே என்னிடம் வந்தார். வயது இருபத்து நான்கு. ஷவ்வால் மாதத்தில் நிகாஹ் நிச்சயிக்கப்பட்டிருந்தது. வெகு நேரம் தயங்கியவர், தொப்பியைக் கழற்றிக் காட்டினார். முன்தலையில் முடி ஏறத்தாழ இல்லை. "ஹஜ்ரத், சென்னையில் ஒரு கடையில் 'ஹேர் பேட்ச்' ஒட்டித் தருகிறார்கள். பார்த்தால் யாருக்கும் தெரியாதாம். ஒட்டிக்கொள்ளலாமா? பெண் வீட்டார் என்னைத் தொப்பியோடுதான் பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

கூடும், கூடாது என்று ஒரு சொல்லில் முடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது ஒரு மஸ்அலா மட்டுமன்று. அவர் கண்ணில் இருந்தது வெட்கம். அந்த வெட்கத்துக்கு நம் வரலாற்றில் நீண்ட தடம் உண்டு. அத்தடத்தைத் தேடிச் சென்றபோது கிடைத்தவற்றையே இங்கு வாசகர்கள் முன் வைக்கிறேன்.

அரபு மொழி செய்த பாகுபாடு

தமிழில் நாம் 'வழுக்கை' என்ற ஒரே சொல்லால் குறிப்பதை அரபு மொழி பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நெற்றியின் இருபுறமும் முடி பின்வாங்கியிருப்பது 'நஸஅ'. அவ்வாறு இருப்பவர் 'அன்ஸஅ'. முன்தலையில் முடி உதிர்ந்து போவது 'ஸலஅ'; அவர் 'அஸ்லஅ'. நோயினால் தலைமுடி போவது 'கரஅ', அவர் 'அக்ரஅ'. திட்டுத் திட்டாக முடி உதிர்வதை மருத்துவர்கள் 'தாவுஸ் ஸஅலப்', அதாவது 'நரி நோய்' என்றனர். நரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த நோய்ப்பெயரின் நேர்ப் பெயர்ப்பு அது. இப்னு சீனா (மறைவு: கி.பி. 1037) தம் 'கானூன்' எனும் மருத்துவப் பெருநூலில் இந்நோயையும் வழுக்கையையும் தனித்தனியே ஆராய்கிறார்.

இப்பாகுபாட்டில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. எல்லா முடி இழப்பும் பண்டைய அரபியர் பார்வையில் குறையாக இருக்கவில்லை. நெற்றி அகன்று முடி பின்வாங்கியவரை அவர்கள் விரும்பினர், நற்சகுனமாகவும் கருதினர். முடி இறங்கி நெற்றியை மூடியிருப்பதையே அவர்கள் இகழ்ந்தனர். இப்னு மன்ஸூர் (மறைவு: ஹிஜ்ரி 711) தொகுத்த 'லிஸானுல் அரப்' அகராதி இதைப் பதிவு செய்கிறது. அழகு எது, குறை எது என்பது காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறுபடும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முன்தலை வழுக்கையானவர்கள். அலீ (ரலி) அவர்களையும் வரலாற்று ஆசிரியர்கள் அவ்வாறே வருணிக்கின்றனர். ஸஹீஹ் முஸ்லிமின் ஹஜ்ஜுப் பாடத்தில் ஒரு செய்தி வருகிறது. அப்துல்லாஹ் இப்னு ஸர்ஜிஸ் (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்கள் ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டதைத் தாம் கண்டதாக அறிவிக்கிறார்கள். அங்கு அவர்கள் கலீஃபாவின் பெயரைச் சொல்லித் தொடங்கவில்லை. 'அந்த வழுக்கைத் தலையர்' என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். அதில் இகழ்ச்சி இல்லை. ரோமப் பேரரசின் மாகாணங்களையும் பாரசீகத்தையும் வென்ற ஆட்சியின் தலைவர், தம் தலையை மறைக்க வேண்டிய தேவையை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஒட்டுமுடி பற்றிய எச்சரிக்கை

மறுபுறம், முடியோடு முடியை இணைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி நெஞ்சைத் தொடுவது. புதுமணப் பெண்ணொருத்திக்கு அம்மை கண்டு முடி உதிர்ந்துவிட்டது. அவளுடைய தாய் வந்து, மகளின் கூந்தலோடு வேறு முடியை இணைக்கலாமா என்று கேட்கிறார். இணைப்பவளும் இணைத்துக்கொள்பவளும் சாபத்துக்குரியவர்கள் என்பதே கிடைத்த விடை. கேட்டவர் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை. மகளின் இல்வாழ்வு பற்றிய அச்சத்தால் கேட்டார். எம் மாணவரின் கேள்வியும் அத்தகையதே.

முஆவியா (ரலி) அவர்கள் ஹஜ்ஜுக்கு வந்த ஆண்டில் மதீனாவின் மிம்பரில் நின்று, காவலர் ஒருவர் கையிலிருந்த முடிக்கற்றையை வாங்கி மக்களுக்குக் காட்டினார்கள். உங்கள் அறிஞர்கள் எங்கே என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இதற்கு 'ஸூர்' என்று பெயரிட்டதாகவும் அவர்கள் அறிவித்தார்கள். ஸூர் என்றால் பொய். பொய்ச் சாட்சிக்கு வழங்கும் அதே சொல். ஆக, கண்டனத்தின் வேர் முடியில் இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதில் இருக்கிறது.

இந்த வேரைக் கண்டதனால்தான் இமாம்கள் எல்லையை வரைவதில் வேறுபட்டனர். மனித முடியைப் பயன்படுத்துவது கூடாது என்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் உறுதியாக உள்ளன. மனித உடலின் எப்பகுதியும் கண்ணியத்துக்குரியது. அது விற்பனைப் பொருளாகாது என்பது அதற்கான காரணம். மனித முடியல்லாத ஆட்டு உரோமம் போன்றவற்றை ஹனஃபீ அறிஞர்கள் அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில், தூய்மையான பிற முடியைக் கணவனின் சம்மதத்துடன் மனைவி பயன்படுத்தலாம் என்ற கருத்தை இமாம் நவவீ (மறைவு: ஹிஜ்ரி 676) ஏற்புடையதாகக் குறிப்பிடுகிறார்கள். தடை முடிக்கு மட்டுமே உரியது, கம்பளியும் துணியும் அதில் அடங்கா என்றார்கள் எகிப்தின் இமாம் லைஸ் இப்னு ஸஅத். இமாம் மாலிக் அவர்களோ எதை இணைத்தாலும் கூடாது என்றார்கள்.

கணவனின் சம்மதம் என்ற நிபந்தனையைச் சற்றே உற்று நோக்க வேண்டும். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரிந்துவிட்டால் அங்கே ஏமாற்று இல்லை. ஹதீஸ்களின் சொற்கள் பெண்களைக் குறித்து வந்திருப்பினும், பொய்த் தோற்றமும் மனித உடலின் கண்ணியமுமே காரணங்களாக இருக்கையில், ஆண்கள் இதற்குப் புறம்பானவர்கள் என்று வாதிட இடமில்லை. இன்று 'பேட்ச்' என விற்கப்படுபவற்றில் பல மனித முடியால் ஆனவை. திருமலையிலும் பழனியிலும் நேர்ச்சையாக மழிக்கப்படும் முடி ஏலம் போய் இவ்வணிகத்தில் சேர்வதை நாம் அறிவோம்.

மக்காவில் கழுவப்பட்ட நூல்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வழுக்கைக்கு அஞ்சியவர்கள் பொய்முடியை அரசவை உடையாகவே ஆக்கினர். பிரான்சின் மன்னர் பதின்மூன்றாம் லூயி இளமையிலேயே முடி இழக்கத் தொடங்கிப் பொய்முடி அணிந்தார். அவர் மகன் பதினான்காம் லூயியின் காலத்தில் அது மேட்டுக்குடியின் அடையாளமாயிற்று. இங்கிலாந்தில் 1795-இல் முடிப்பொடிக்கு வரி விதிக்கப்பட்ட பின்னரே அவ்வழக்கம் விரைந்து தேய்ந்தது. நம் நாடுகளில் அந்நிலை தோன்றாமைக்குத் தலைப்பாகையும் ஒரு காரணம் எனலாம். தலையை மூடுவதே கண்ணியம் எனக் கருதப்பட்ட சமூகத்தில் வழுக்கையை மறைக்கத் தனியொரு கருவி வேண்டியதில்லை. ஆனால் வெட்கம் அங்கும் இருந்தது. அதற்குச் சான்று 1541-இல் மக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

பனூ ஃபஹ்த் குடும்பம் மக்காவில் தலைமுறை தலைமுறையாக ஹதீஸ் அறிஞர்களையும் வரலாற்றாசிரியர்களையும் தந்த குடும்பம். அதில் வந்த ஜாருல்லாஹ் இப்னு ஃபஹ்த், உடற்குறை கொண்ட பெருமக்களைப் பற்றி 'அந்நுகதுள் ளிராஃப்' என்ற நூலை எழுதினார். குருடர், முடவர், மாறுகண்ணர் ஆகியோர் பற்றி நூல் எழுதுவது அரபு இலக்கியத்துக்குப் புதிதன்று; ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்ஜாஹிழ் அத்தகைய நூலொன்று எழுதியிருந்தார். குறை உடையோர் வரிசையில் மாமேதைகள் இருப்பதைக் காட்டி ஆறுதலும் படிப்பினையும் தருவதே இவ்வகை நூல்களின் நோக்கம். ஆனால் இப்னு ஃபஹ்த் முன்னோரோடு நிற்கவில்லை. தம் காலத்து மக்கா பிரமுகர்கள் சிலர் தலைப்பாகைக்குக் கீழே வழுக்கையர் என்பதையும் பெயர் சொல்லி எழுதிவிட்டார். ஊரில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. நூலின் ஏடுகள் நீரில் கழுவி அழிக்கப்பட்டன. மனம் உடைந்த ஆசிரியர், தாம் செய்தது குற்றமா என்று அறிஞர்களிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டார். பின்னர் அதே பொருளில் மீண்டும் எழுதவும் முனைந்தார்.

குற்றமா என்ற கேள்வி எளிதன்று. ஒருவரிடம் உள்ள உடற்குறையை அவர் வெறுக்கும் வண்ணம் அவர் இல்லாதபோது பேசுவது புறம் என்பது தெளிவான சட்டம். எனினும் ஹதீஸ் அறிவிப்பாளர்களில் 'அல்அஃமஷ்' (பார்வை மங்கியவர்), 'அல்அஃரஜ்' (நொண்டுபவர்) என்ற பட்டப்பெயர்களாலேயே அறியப்பட்டவர்கள் உண்டு. அடையாளத்துக்காக, இழிவுபடுத்தும் எண்ணமின்றி அவ்வாறு குறிப்பிடலாம் என்று இமாம் நவவீ அவர்கள் விதிவிலக்குத் தந்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். உமர் (ரலி) அவர்களை வழுக்கைத் தலையர் என்றபோது யாரும் புண்படவில்லை, அது ஊரறிந்தது. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நகரின் பிரமுகர்களை அவ்வாறு சொன்னபோது நூலே அழிந்தது. அது மறைத்து வைக்கப்பட்டிருந்தது. சொல் ஒன்றுதான். மறைப்பே அதற்கு நஞ்சேற்றியது. ஆயினும், மறைத்தவர் பிழை செய்தார் என்பதால் திரையைக் கிழித்தவர் சரி செய்தார் என்றாகாது. ஏமாற்றாதே என்பது முடி இழந்தவனுக்கு இடப்பட்ட கடமை. எள்ளாதே, அம்பலப்படுத்தாதே என்பது மற்ற அனைவருக்கும் இடப்பட்ட கடமை. நம் சமூகம் முதல் கடமையைப் பயான்களில் சொல்கிறது. இரண்டாவதைத் திருமண வீடுகளில் மறந்துவிடுகிறது.

பொய்யும் பரிகாரமும்

முடி இழந்தவன் அதைத் திரும்ப விரும்புவதே தவறா? அன்று. பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த தொழுநோயாளி, வழுக்கையர், பார்வையற்றவர் ஆகிய மூவரைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வானவர் வந்து விருப்பத்தைக் கேட்டபோது, வழுக்கையர் அழகிய முடியையும், மக்கள் தம்மை அருவருக்கும் நிலை நீங்குவதையும் வேண்டினார். வானவர் தடவினார், முடி வந்தது. கருவுற்ற பசுவும் கிடைத்தது. பின்னாளில் அவர் தண்டிக்கப்பட்டது முடியை விரும்பியதற்காக அன்று; தம் பழைய நிலையை மறுத்து, உதவி கேட்டு வந்த ஏழையை விரட்டியதற்காக. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்குப் பொருத்திக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தந்த செய்தியும் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உண்டு.

இவ்வடிப்படையிலேயே, தம் முடியையே தலையின் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் நடும் சிகிச்சையை ஷைக் இப்னு உஸைமீன் போன்றோர் அனுமதித்தனர். 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், பின்னால் ஏற்பட்ட குறைகளைச் சரிசெய்யும் சிகிச்சைகளுள் முடி நடுதலைச் சேர்த்தது. நடப்பட்ட முடி வளர்கிறது, அது அவருடையது, அங்கே பொய் இல்லை. மருந்தும் அவ்வாறே. இளவயது வழுக்கை ஒழுக்கக் கேட்டாலோ எண்ணெய் தேய்க்காததாலோ வருவதன்று; பரம்பரையும் ஆண்மைச் சுரப்பும் சேர்ந்து விளைவிப்பது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் இதை நிறுவினார். அச்சுரப்பின் வழியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு எனும் மாத்திரை 1997 முதல் வழுக்கைக்கு வழங்கப்படுகிறது. பக்கவிளைவுகள் உண்டாதலால் மருத்துவர் சொல் கேட்டே உண்ண வேண்டும்.

ஒட்டப்படும் 'பேட்ச்' வேறு வகை. அது சில வாரங்கள் தோலோடு பசையால் ஒட்டியே இருக்கும். உளூவில் மஸஹு செய்யப் பக்கவாட்டில் உள்ள சொந்த முடி போதுமானதாகலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தலையின் சிறு பகுதியும், ஹனஃபீ மத்ஹபில் கால் பகுதியும் போதும். ஆனால் கடமையான குளிப்பில் தலையின் தோல் முழுவதும் நீர் சேர வேண்டும். பசைக்குக் கீழே நீர் எவ்வாறு செல்லும்? நிகாஹுக்காக ஒட்டிய முடி, நிகாஹுக்குப் பின்னான முதல் தொழுகைக்கே தடையாகிவிடும்.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் சொன்னேன். இறுதியில், "பெண்ணுக்கு யார் சொல்வது?" என்று கேட்டார். "உங்கள் தாயார் சொல்லட்டும்" என்றேன். தாயார் சொன்னார். பெண் வீட்டிலிருந்து இரண்டு நாள் செய்தி இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் பாடத்துக்கு வந்தும் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், குறித்த தேதியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினர்.

ஹஜ்ஜின் சட்டங்களைப் பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு மஸஅலாவைக் கடந்து செல்வோம். இஹ்ராமில் ஆண்கள் எல்லோரும் தலைதிறந்தே நிற்கிறார்கள். தலைப்பாகை அங்கே யாரையும் மறைப்பதில்லை. தலைமுடி களையும் நேரத்தில், களைவதற்கு முடியே இல்லாதவர் என்ன செய்வார்? வெறுந்தலையின் மீது சவரக்கத்தியை ஓட்டிக்கொள்வார் என்கின்றனர் ஃபகீஹ்கள். ஹனஃபீ மத்ஹபில் அது வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் முஸ்தஹப்பு. இவ்வாண்டு அப்பாடம் வந்தபோது சற்று நேரம் அதிலேயே நின்றேன். இல்லாத முடிக்காக யாரும் வரிசையிலிருந்து விலக்கப்படவில்லை. இருப்பதாக நடிக்கவும் அவர் கேட்கப்படவில்லை.