வைனும் வெப்பநிலையும்

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது பாரிசுக்கு வந்த புதிதில் நான் கேட்டறிந்த விதி. அதைத் தவறாக விளங்கிக்கொண்டதில் ஒரு நல்ல போத்தலை இழந்தேன்.

என் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுப் பெரியவர், அவள் பிறந்த ஆண்டின் போர்தோ வைன் ஒன்றைத் தந்து, பதினெட்டு வயதில் திறக்கச் சொன்னார். பத்திரமாகச் சமையலறை அலுமாரியின் மேல் நிறுத்தி வைத்தோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் முன்னிலையில் திறந்தபோது தக்கை காய்ந்து உதிர்ந்தது. வைன் பழுப்பேறி, அவித்த பழம்போல் மணத்தது. ஒரு வாய் அருந்திவிட்டு, "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த விதியின் பின்னால் 'ஷாம்ப்ரே' என்ற பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. 'ஷாம்பர்' என்றால் அறை. நிலவறைக் குளிரில் கிடந்த போத்தலைப் பரிமாறுமுன் சில மணி நேரம் வீட்டினுள் வைத்திருப்பதையே அது குறிக்கும். வெப்பமூட்டும் குழாய்கள் இல்லாத அந்தக்கால வீட்டில் அறை என்பது 16 முதல் 18 பாகை செல்சியஸ்தான். இன்றைய வீடுகள் பெரும்பாலும் 20 பாகைக்கு மேல். தவிர, அது பரிமாறுவதற்கான விதி, சேமிப்பதற்கானது அல்ல.

சேமிப்புக்கு 12, 13 பாகை உகந்தது. அதைவிட முக்கியம் அது மாறாதிருப்பது. சூடேறினால் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும். குளிர்ந்தால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் வைனைக் கெடுக்கும். தக்கை காயாதிருக்கப் போத்தலைப் படுக்க வைக்க வேண்டும். வெளிச்சமும் ஆகாது.

பரிமாறும் வெப்பநிலை ஏறத்தாழ இவ்வாறு:

ஷாம்பெயின்: 8 - 10 பாகை
வெள்ளை வைன்: 8 - 12 பாகை
போஜொலே போன்ற மென்மையான சிவப்பு: 12 - 14 பாகை
பூர்கோன் சிவப்பு: 14 - 16 பாகை
போர்தோ சிவப்பு: 16 - 18 பாகை

காரணம் எளிது. குளிர் கூடினால் மணம் அடங்கி, சிவப்பு வைனின் துவர்ப்பு மேலெழும். சூடு கூடினால் அல்ககோல் ஆவியாகி மூக்கில் ஏறும். மற்ற மணங்களை அமுக்கிவிடும். ஷாம்பெயினில் வாயு விரைவாக வெளியேறிவிடும். அறையில் இருந்த சிவப்பு வைனை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது தவறல்ல. வெள்ளை வைனை அவசரமாகக் குளிர்விக்க, ஐஸ் கட்டியுடன் தண்ணீரும் கலந்த வாளியே விரைவானது.

குளிரும் இருளும் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. 2010இல் பின்லாந்தின் ஓலந்து தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலில் சுமார் 50 மீற்றர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் போத்தல்கள் மீட்கப்பட்டன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் 2 முதல் 4 பாகைக் குளிரில் கிடந்தும், அவற்றுள் சில அருந்தத்தக்கனவாக இருந்தன.

எங்கள் கட்டிடத்தின் அடியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலவறை உண்டு. எங்களுடையதில் பழைய சைக்கிளும் சூட்கேசுகளும் இருந்தன. அடுத்த வாரம் பெரியவர் இன்னொரு போத்தலுடன் வந்தார். இம்முறை கையில் தரவில்லை. என்னை அழைத்துக்கொண்டு படியிறங்கி, சூட்கேசுகளை விலக்கி, தானே படுக்க வைத்துவிட்டுப் போனார்.