ஸ்டிக்கரை நம்பி வாங்கிய கம்ப்யூட்டர்

"புது விண்டோஸ் வரப்போகுதாமே, இப்ப லேப்டாப் வாங்கலாமா, இல்ல கொஞ்சம் பொறுக்கலாமா?" சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவனை சொந்தக்காரங்க கேக்கிற நிரந்தரக் கேள்விகளில் இது ஒண்ணு. (பிரிண்டர் ஏன் ஓடலைங்கிறது இன்னொண்ணு. அதுவும் இந்தக் கதையில் வரும்.) இதே கேள்வி ஒரு முறை அமெரிக்க நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். அடுத்ததான விஸ்டா 2006 கடைசியில் வந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். 2006 மார்ச் 21 அன்று மைக்ரோசாஃப்ட் குண்டைத் தூக்கிப் போட்டது: நிறுவனங்களுக்கு நவம்பரில், வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு 2007 ஜனவரியில்தான். ஒரு மாசம், ரெண்டு மாசம்தானே என்று தோணும். ஆனா அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு நம்மூர் தீபாவளி மாதிரி. ஜனவரியில் புதுசு வருதுன்னு தெரிஞ்சா டிசம்பரில் யார் பழசை வாங்குவாங்க?

அதற்கான ஏற்பாடுதான் 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர். இப்ப எக்ஸ்பியோட வாங்கு, நாளைக்கு விஸ்டா போட்டுக்கலாம் என்று அர்த்தம். 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 512 எம்பி ரேம், டைரக்ட்எக்ஸ் 9 தெரிந்த கிராஃபிக்ஸ் இருந்தால் ஸ்டிக்கர் கிடைத்துவிடும். இதற்கு மேலே 'பிரீமியம் ரெடி' என்று இன்னொரு படி. அதற்கு 1 ஜிபி ரேம், கூடவே டபிள்யூடிடிஎம் என்ற புது வகை டிரைவர்.

வில்லங்கம் அந்த டிரைவரில்தான். விஸ்டாவின் விளம்பரத்தில் எல்லாம் வந்த கண்ணாடி மாதிரி ஜன்னல்கள், அதாவது ஏரோ, இது இல்லாமல் ஓடாது. முதலில் கேப்பபிள் ஸ்டிக்கருக்கே அந்த டிரைவர் வேணும்னுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனா அப்போது மலிவான லேப்டாப்களில் நிறைய இருந்த இன்டெல் 915 சிப்செட்டுக்கு அந்த டிரைவர் கிடையாது. விதியை அப்படியே வைத்தால் அந்த மெஷின்களில் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. 2006 தொடக்கத்தில் விதியைத் தளர்த்திவிட்டார்கள். பழைய விதியை நம்பி நல்ல கிராஃபிக்ஸுக்குச் செலவு செய்திருந்த எச்பி கடுப்பானது. நியாயமான கடுப்புதான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வழக்குப் போட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பல மெஷின்களில் ஓடியது ஏரோ இல்லாத ஹோம் பேசிக் மட்டும்தான், அதை விஸ்டா என்று சொல்லலாமா என்பது வாதம். 2008-ல் மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. இன்டெல் தன் காலாண்டு வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உதவத்தான் விதியைக் குறைத்தோம் என்று ஒரு மேலாளரே எழுதியிருந்தார். துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு சோனி லேப்டாப் வாங்கி, கடைசியில் தன்னிடம் இருப்பது 2,100 டாலருக்கு ஒரு மின்னஞ்சல் மெஷின் என்று புலம்பியிருந்தார். ஸ்டீவன் சினோஃப்ஸ்கி வீட்டுப் பிரிண்டருக்கு விஸ்டா டிரைவரே கிடைக்கவில்லை! உள்ளே இருக்கிறவங்களுக்கே இந்தக் கதின்னா, கடையில் நின்று ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கினவர் என்ன செய்வார்?

நீதிபதி மார்ஷா பெக்மன் 2008 பிப்ரவரியில் இதைக் கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டார். சரியாக ஒரு வருஷம் கழித்து அவரே அந்தத் தகுதியை ரத்து செய்தார். காரணம்தான் என்னை உட்கார வைத்தது. ஏமாற்றவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஸ்டிக்கரால் தேவை கூடி, அதனால் எல்லோரும் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பதை வாதிகள் தரப்பு நிபுணரால் கணக்குப் போட்டுக் காட்ட முடியவில்லை. விரும்பினால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்கு நடத்தலாம். ஒரு மலிவு லேப்டாப்புக்காக யார் நடத்துவார்கள்?

2009 அக்டோபர் 22-ல் விண்டோஸ் 7 வந்தது. இந்த முறை ஜூன் 26-லிருந்தே விஸ்டா மெஷின் வாங்கியவர்களுக்கு மேம்படுத்தும் சலுகை உண்டு என்றார்கள். ஹோம் பிரீமியம், பிசினஸ், அல்டிமேட் வாங்கியவர்களுக்கு மட்டும். ஹோம் பேசிக் வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.